ஐரினின் ஃப்ளெக்ஸ்

எங்கள் திருச்சூர் பெற்றோர் சங்கத்தில் ரெட் நோய் வந்த பெண் குழந்தைகள் நான்கு பேர். நடை பழகி, நாலு வார்த்தை பேசத் தொடங்கிய பிறகு பேச்சு போய்விடும். கைகள் ஓயாமல் பிசைந்துகொண்டே இருக்கும். நால்வரில் ஒருத்தி என் அலீனா. ஆனால் விழிப்புணர்வு ஃப்ளெக்ஸில் ஏறியது ஷீபாவின் மகள் ஐரின்.

"ஐரின்தானே நல்லா சிரிக்கிறா, ஜெஸி? அலீனாவுக்கு வாயெல்லாம் எச்சில்..." என்றாள் ஷீபா என்னிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டோவைக்கூட விட்டுத்தள்ளலாம். பேச்சு போவதற்கு முன் ஐரின் "அம்மே" என்று கூப்பிட்ட வீடியோ ஒன்று ஷீபாவின் ஃபோனில் இருக்கிறது. என்னிடம் இல்லை. தினமும் கேட்பதைப் போய் எதற்குப் படம் பிடிக்க என்று அப்போது இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை சர்ச் ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால், அதன் கீழே மலர்வளையம்! எங்கள் ஊரில் ஒரு பிள்ளையின் முகம் ஃப்ளெக்ஸில் வந்தால், ஒன்று பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ ப்ளஸ். இல்லாவிட்டால் பிள்ளை போய்விட்டது. ஆறு வயதுக்கு ஏது ஏ ப்ளஸ்? படத்துக்கு அடியில் நோயைப் பற்றி இருந்த எழுத்தை ஒருவரும் படிக்கவில்லை.

"தங்கம் மாதிரி புள்ள," என்று வளையம் வைத்த வறீது சேட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நல்லா வேணும் என்று ஒரு நொடி எனக்கு உள்ளே குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குள் ஷீபா சக்கர நாற்காலியில் ஐரினைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். "உயிரோட இருக்கற புள்ளைக்கா சேட்டா மலர்வளையம் வைக்கிறீங்க? அழுதது போதும், இவ கையப் பாருங்க!"

கூட்டம் கூடிவிட்டது. இனி ஊருக்கே ஐரினைத் தெரியும். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

என் பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி நின்றிருந்தாள். "சேச்சி, என் மோளும் ஒரு மாசமா கைய இப்படித்தான் பிசையறா. தானா சரியாயிடும்னு வீட்ல சொல்றாங்க."

குழந்தை பிசைவதை நிறுத்தாமல் அவளை நிமிர்ந்து பார்த்து, "அம்மே" என்றது.

ஷீபாவின் மேல் இருந்த பொறாமை அத்தனையும் அப்படியே இவள் பக்கம் திரும்பியது. ஐந்து வருஷமாக நான் கேட்காத சொல். இவளோ அதைக் காதில் வாங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கே நரம்பு டாக்டர்கிட்ட போவோம், நானும் வர்றேன்," என்றேன். "அதுக்கு முன்னாடி ஃபோனை எடு. இன்னொரு தடவை உன்னைக் கூப்பிட வை."