அக்காவின் கார்புரேட்டர்

இன்ஜெக்‌ஷன் பெட்டி பட்டறைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை. வரவழைத்தவள் அக்கா. தங்கை அதன்மேல் டீ தம்ளரை வைத்துப் பழகிவிட்டாள். அட்டையில் வட்ட வட்டமாகக் கறை படிந்திருந்தது.

"அது என்னடி, முக்காலியா?"

"திறக்காத பெட்டி வேற எதுக்கு ஆகும்?"

"திறந்தா ஆகும்."

பட்டறை இருவருக்கும் பொது. அக்கா இன்ஜின் கட்டுவாள், தங்கை ஓட்டுவாள். மலைப்பாதையில் ஒவ்வொரு காராக அடிவாரத்திலிருந்து உச்சிவரை கடிகாரத்தை எதிர்த்து ஏறும் பந்தயம் அவர்களுடையது. இரண்டு கதவுகளே உள்ள அவர்களது பழைய வெள்ளைக் காருக்கு, காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் இரட்டைக் கார்புரேட்டர், அவற்றுக்கு நான்கு வாய்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ஜெட், அதாவது சுண்டுவிரல் நகத்தளவே உள்ள, நடுவில் துளையிட்ட பித்தளைத் துண்டு. துளை பெரிதானால் பெட்ரோல் கூடும், சிறிதானால் குறையும். குளிர்ந்த காற்று அடர்ந்தது, அதற்குப் பெரிய துளை வேண்டும். சூடான காற்றுக்குச் சிறியது போதும். ஆகவே பந்தயம் நடக்கும் ஒவ்வொரு காலையிலும் ஒருவர் வந்து, காற்றைக் கணித்து, ஜெட்டை மாற்றியாக வேண்டும். அந்த ஒருவர் அக்கா. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷனைப் பொருத்திவிட்டாலோ, காற்றின் சூட்டையும் அழுத்தத்தையும் அது தானே அளந்து, வேண்டிய பெட்ரோலைத் தானே தெளித்துக்கொள்ளும். யாரும் வர வேண்டியதில்லை.

அவர்களுடைய வழக்கு முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருந்தது. இருவரும் அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள்.

அக்காவின் நோய் எலும்புக்குள் இறங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது தங்கையும் அந்த அறையில் இருந்தாள். இன்னும் எவ்வளவு காலம் என்று அத்தான் கேட்டார். மருத்துவர் வலிக்கு என்ன கொடுக்கலாம் என்பதை மிக விரிவாக விளக்கினார். வீடு திரும்பும் வழியில் முன்சீட்டிலிருந்த அக்கா, சிக்னலில் வண்டி நின்றபோது, "அடுத்த சீசனுக்கு இன்ஜெக்‌ஷன் போட்டுடலாம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அதற்கடுத்த வாரம் பெட்டி வந்தது.

"உனக்கு வாராவாரம் ஏத்துறது பத்தாதுன்னு வண்டிக்கும் இன்ஜெக்‌ஷனா?" என்றாள் தங்கை.

அத்தானுக்கு முகம் சுருங்கிப்போனது. அக்கா மட்டும் சிரித்தாள். "எனக்குக் கேக்கல, வண்டிக்காச்சும் கேக்கட்டும். இங்க பாரு, மேல போகப்போக காத்து மெலிசாகுது. கார்புரேட்டர் கீழ என்ன ஊத்துதோ அதையேதான் மேலயும் ஊத்தும். பாதி மலைக்கு மேல நீ மூச்சு முட்டித்தான் ஏறுற. அது கணக்குப் போட்டு ஏறும்."

"மிதிச்ச உடனே கார்புரேட்டர் குடுக்குற பதில் அதுல வராது."

"வராதுன்னு எவன் சொன்னான்? பத்து வருஷத்துக்கு முன்னாடி பேசின பேச்சு அது."

"நான் சொல்றேன். ஓட்டுறது நான்."

"கட்டுறது நான்டி."

"அப்ப கட்டு. வந்து நின்னு ஜெட்டு மாத்து. யாரு வேணாங்கிறா?"

அக்கா ஸ்பேனரைத் துடைத்து வைத்தாள். துடைத்த ஸ்பேனரையே மறுபடி எடுத்துத் துடைத்தாள். தங்கைக்குத் தன் பக்கத்து நியாயம் அரைகுறைதான் என்று தெரியும். வேகத்தை மட்டும் பார்த்தால் பெட்டியே வெல்லும். ஆனால் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து அக்கா படுக்கையில் கிடக்கும் நோயாளி ஆகிவிடுவாள். கார்புரேட்டர் இருக்கும்வரை, பந்தயக் காலையில் எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு புறப்பட அவளுக்கு ஒரு காரணம் இருக்கும். அக்காவும் அதே காரணத்தை மறுபுறத்திலிருந்து பார்த்தாள்: தான் இல்லாத காலையிலும் அந்தக் கார் ஏற வேண்டும்.

கடைசியில் அத்தான்தான் நடுவில் புகுந்தார். "இந்த ஒரு பந்தயம் கார்புரேட்டரோட போகட்டும். அப்புறம் உங்க சண்டைய நீங்களே பாத்துக்கங்க. எனக்குப் பழைய ரேடியோவுல ரெண்டு ஸ்டேஷன் ஒண்ணா கேக்கிற மாதிரி இருக்கு."

பந்தயக் காலை நல்ல குளிர். அடிவாரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. பேசியவர்களின் வாயிலிருந்து புகை வந்தது. அத்தான் மடக்கு நாற்காலியை விரித்து, அதன்மேல் ஒரு தலையணையை வைத்து, அதைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்கா அவரையும் நாற்காலியையும் கடந்து நேரே காருக்குப் போனாள். மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்தாள். தொப்பிக்குள் முடியில்லாத தலை. ஆனாலும் அந்த நிமிர்வைக் கண்டதும் தங்கைக்கு மனம் நிறைந்தது. கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

"பெருசு போடணும். கல்லு மாதிரி காத்து" என்றாள் அக்கா.

ஜெட் டப்பாவைத் திறக்கும்போது அது கைநழுவியது. பித்தளைத் துண்டுகள் எல்லாம் விரித்திருந்த துணியின்மேல் கொட்டின. தங்கை குனிந்தாள்.

"தொடாத. எனக்குத் தெரியும் எது எங்கன்னு."

மருந்து அக்காவின் விரல்நுனிகளை மரத்துப்போகச் செய்திருந்தது. சட்டைப் பொத்தானை அத்தான்தான் போட்டுவிடுகிறார் என்பது தங்கைக்குத் தெரியும். அக்கா ஒவ்வொரு ஜெட்டாகப் பொறுக்கி, கண்ணருகே கொண்டுபோய், டப்பாவின் அறைகளில் பிரித்துப் போட்டாள். பிறகு நான்கை எடுத்தாள். கார்புரேட்டரின் மேல்மூடிகளைக் கழற்றி, உள்ளிருந்த ஜெட்டுகளை எடுத்துவிட்டு, புதியவற்றைத் திருகினாள். நெடுநேரம் ஆயிற்று. இடையில் ஒருமுறை கார்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். முடித்துவிட்டு, இன்ஜினைக் கிளப்பி ஓடவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தபோது அவள் முகத்தில் பழைய நாட்களின் களை இருந்தது.

"இப்ப போ. மலையே சின்னதாப் போச்சுன்னு சொல்லுவ" என்றாள்.

டப்பாவை மூடப்போன தங்கை, அதில் கிடந்த ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, துளையின் அளவாகப் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். பெரிய துளையுள்ள நான்கும் டப்பாவிலேயே இருந்தன. கார்புரேட்டருக்குள் போயிருந்தவை இருப்பதிலேயே சிறியவை. இந்தக் குளிரில் அவற்றை வைத்துக்கொண்டு முழுதாக மிதித்தால், பெட்ரோல் போதாமல் சூடேறி, பிஸ்டன் உருகி ஓட்டையாகிவிடும். மெதுவாக ஓடும்போது வேறு துளைகள் பெட்ரோல் கொடுப்பதால் குறை வெளியே தெரியாது. உறுமிக்கொண்டிருந்த இன்ஜினின் ஒலியில் அப்போது எந்தப் பிசகும் இல்லை.

அவளுக்கு முன்னால் இன்னும் சில கார்கள் நின்றன. மாற்றுவதற்கு நேரம் இருந்தது. 'அக்கா, மாறிப்போச்சு' என்ற இரண்டே சொற்கள் போதும். சொன்னால் அக்கா சிரிப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள், மாற்றியும் விடுவாள். அதன்பிறகு எந்த இன்ஜினையும் தொடமாட்டாள்.

தங்கை டப்பாவை மூடினாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

கொடி இறங்கியது. முதல் வளைவுவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. நீண்ட நேர்ப்பாதையில் மிதியைப் பாதிக்குமேல் அழுத்தியபோது கார்புரேட்டர் தும்மியது. காலைத் தளர்த்தினாள். அந்த இடத்திலிருந்து உச்சிவரை, பாதையின் ஒவ்வொரு அங்குலத்தையும் அறிந்த ஒருத்தி, புதிதாக ஓட்டக் கற்றவளைப்போல் ஏறினாள். உச்சியில் அவளுடைய நேரத்தை ஒலிபெருக்கி அறிவித்தபோது, முன்னால் ஏறியிருந்த ஒருவர் ஜன்னலருகே குனிந்து, "என்னம்மா, வழியில காய்கறி வாங்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். அவளும் சிரித்து வைத்தாள்.

கார்கள் வரிசையாக இறங்கி வந்தபோது அக்கா நாற்காலியில் இல்லை. கார் நிற்க வேண்டிய இடத்தில், ப்ளக் கழற்றும் ஸ்பேனருடன் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பிடித்துக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் அத்தான் பக்கத்தில் நின்றார். மலையில் ஏறும் காரின் ஒலி அடிவாரம்வரை இறங்கி வரும் என்பது தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த இடத்தில் கால் தளர்ந்தது என்பதைக் காணாமலேயே அக்கா கேட்டிருக்கிறாள்.

"பானெட்டைத் திற."

"சூடு ஆறட்டும் அக்கா."

"திற."

அக்கா ப்ளக் ஒன்றைக் கழற்றினாள். பழுப்பாக இருக்க வேண்டிய அதன் முனை, பெட்ரோல் போதாமல், சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. அவள் அதைத் துணியில் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தாள். தன் எக்ஸ்ரேயைக்கூட அவள் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"டப்பாவைப் பாத்தியா?"

"எப்ப?"

"ஏறுறதுக்கு முன்னாடி."

தங்கை ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள். "பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நேரம் இல்ல."

"இருந்துச்சு. உனக்கு முன்னாடி போன வண்டியெல்லாம் நான் கேட்டுக்கிட்டுதான இருந்தேன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தங்கை தாங்கியிருப்பாள். "எனக்காகப் பாதி மிதிச்சியா?"

"இன்ஜினுக்காக."

"இன்ஜினுக்காகன்னா சொல்லியிருப்படி." அக்கா ப்ளக்கைத் திரும்பத் திருக முயன்றாள். மறை பிடிக்கவில்லை, மறுபடியும் முயன்றாள். பிறகு ஸ்பேனரையும் ப்ளக்கையும் தங்கையின் கையில் வைத்தாள். "நான் தப்புப் பண்ணினா என்னைத் திட்டுற ஒரே ஆளு நீதான். நீயும் மத்தவங்க மாதிரி ஆயிட்டியா?"

அத்தான் தொண்டையைச் செருமிவிட்டு மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"பெட்டியைத் திறந்துடலாம்" என்றாள் அக்கா.

தங்கை, "சரி" என்றாள்.

பட்டறைக்குத் திரும்பியபின் கார்புரேட்டரை இருவரும் சேர்ந்தே இறக்கினார்கள். அக்கா நாற்காலியிலிருந்தபடி எந்த நட்டை முதலில் தளர்த்துவது என்று சொன்னாள். தங்கைக்கு அது தெரியும், இருந்தாலும் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு செய்தாள். பொருத்துவதற்கு வந்தவர் வழுக்கைத் தலையும் மடிக்கணினியும் உடைய மனிதர். அக்கா அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்தாள். மனிதர் புறப்படும்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உயிர்பெற்றது. குளிர்ந்த இன்ஜினைக் கொஞ்சிக் கெஞ்சி எழுப்பும் வேலையெல்லாம் இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில் அக்காவின் ஒரு கை கார்புரேட்டர்மேல் இருக்கும். இப்போது அவள் சற்றுத் தள்ளி நின்றாள். இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல், முதலில் கட்டிக்கொண்டாள், பிறகு பின்னால் கோத்துக்கொண்டாள்.

"போ. முழுசா மிதி. எனக்குக் கேக்கணும்."

பட்டறைக்குப் பின்னால் ஆளில்லாத நீண்ட சாலை. தங்கை முழுதாக மிதித்தாள். கண்ணாடியில் அக்கா சிறுத்துக்கொண்டே போனாள். இன்ஜின் எங்கும் தடுமாறவில்லை, தும்மவில்லை. கேட்டதையெல்லாம் கேட்ட கணத்தில் கொடுத்தது. சாலை முடியும் இடத்தில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப்போய்ச் சொல்ல ஒரு குறை கிடைக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடினாள். கிடைக்கவில்லை.

திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினாள். "நடுவுல கொஞ்சம் திக்குது அக்கா. நீ பாக்கணும்."

அக்கா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"திக்கல" என்றாள். "உள்ள கொண்டுவந்து நிறுத்து."