ஸ்ட்ரெச்சருக்கு வழி

அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர் அவர். மூன்று மாடிக்கும் ஒரே லிஃப்ட், கம்பிக் கதவு, ஆட்டம் கண்ட ஒரு ஸ்டூல். ராஜ்ஜியம் அவ்வளவுதான், ஆனால் சட்டம் கறாரானது. ஸ்ட்ரெச்சர் வந்தால் எல்லோரும் இறங்கியாக வேண்டும். இரண்டு ஸ்ட்ரெச்சர் வந்தால் வலி அதிகமுள்ளவர் முதலில். புதிதாக வேலைக்குச் சேர்ந்த எலும்பு டாக்டரை முதல் நாளே இறக்கிவிட்டார். பாவம், மனுஷர் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறினார். அதை நினைத்தால் லிஃப்ட்காரருக்கு இப்போதும் சிரிப்பு வரும். என்ன நாட்கள் அவை!

ஓய்வு பெற்ற மறுவருஷமே மனைவிக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஐந்து மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் பக்கத்திலிருந்த தையற்காரம்மாவுக்கும் அதே மூட்டுதான், வலி இன்னும் மோசம். இருவரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டு, மருமகன்களைக் கரித்துக்கொட்டிச் சிநேகிதமானார்கள்.

நம்ம முறை வரட்டும் என்று இவர் பிடிவாதமாக இருந்தார். மகளுக்குப் பொறுக்கவில்லை. "உங்க ரோஷத்துக்கு அம்மா வலி தாங்கணுமாப்பா?" என்றாள். எதிர்ச்சாரியிலிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமையே இடம் கிடைத்தது. அறைக்குள் போனால், நாற்காலியில் அதே எலும்பு டாக்டர்!

"அண்ணே, நீங்களா? வாங்க வாங்க."

"அங்கேயும் நீங்கதானே சார் ஆபரேஷன் பண்ணியிருப்பீங்க?"

"நான்தான்."

"அப்புறம் எதுக்கு சார் அஞ்சு மாசம்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்தியானத்துக்கு மேல அங்க ஆபரேஷன் கிடையாது. நானும் இங்க வந்துடறேன்." மழுப்பாமல் சொன்னாரே, அதுவரைக்கும் நல்லவர்.

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது லிஃப்ட் நிறைய ஆட்கள். பட்டனை அழுத்தினால் ஓடுகிற லிஃப்ட், சொல்ல ஆளில்லை. இவர் வாய் தானாகத் திறந்தது.

"ஸ்ட்ரெச்சர் வருது, எல்லாரும் இறங்குங்க!"

முதலில் இறங்கியவர் டாக்டர். "பழக்கம் இன்னும் போகலண்ணே," என்று சிரித்துவிட்டுப் படியேறினார். லிஃப்ட்காரருக்கு ஒரு நிமிஷம் பழைய மிடுக்கு வந்துவிட்டது.

மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, அந்தத் தையக்காரம்மா கேட்டா, மக வீட்டுக்குப் போயிருக்கேன்னு சொல்லிடுங்க."

யாரையும் முந்தவிடாத மனிதர், "சரி" என்றார்.