கூடையில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

உப்பு லாரி ஓட்டும் ராஜவேல், லாரிகளின் பின்னால் ஒட்டுகிற, விளக்கு அடிக்கிறவர் கண்ணுக்கு மட்டும் மின்னுகிற சிவப்பு ஸ்டிக்கரில் ஒரு துண்டு வாங்கி வந்து மனைவி அம்சவல்லியின் கூடையில் ஒட்டினான். உப்பளத்துப் பெண்கள் விடியும் முன்பே கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மரக்காணம் ரோட்டோரம் நடப்பார்கள். போன மாதம் அங்கே ஒருத்தியை வேன் தட்டிவிட்டுப் போனதிலிருந்து அவனுக்குத் தூக்கமே போய்விட்டது. வேலையை விடச் சொல்லிப் பார்த்தான். அம்சவல்லி மசிகிற ஆளா?

பொழுது சாய்ந்ததும் அவள் கூடையைச் சுவரோரம் வைத்தாள். கூடவே உப்பளத்துக்கு வரும் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளை டார்ச் அடிக்கச் சொல்லி, தான் தள்ளி நின்று பார்த்தாள். ஸ்டிக்கர் பழைய செங்கல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. டார்ச் பிடித்தவளோ தகதகவென்று மின்னுகிறது என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று அம்சவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவ்வளவு பிடித்திருந்தால் நீயே வைத்துக்கொள் என்று கூடையை மாற்றிக்கொண்டாள். சேலைக்கு மேலே போட்டிருக்கும் வெள்ளைச் சட்டை தெரியாதா என்ன?

அதன்பிறகு தினமும் பெண்களைத் தாண்டும்போது ராஜவேல் மெதுவாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவான். தன்னைப் பார்த்துத்தான் அடிக்கிறான் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

ஒருநாள் அம்சவல்லியின் காலில் உப்பு கிழித்துவிட்டது. மறுநாள் விடியும் முன்பே லாரியிலேயே வரச் சொல்லி ராஜவேல் அவளை ஏற்றிக்கொண்டான். இன்னும் இருட்டு. எதிரே வந்த பஸ் வெளிச்சத்தில் கண் கூசியது. ரோட்டோரம் ஒன்றுமே தெரியவில்லை, லாரி விளக்கில் சிவப்பாக ஒரு நெருப்புத் துண்டு மட்டும் எரிந்துகொண்டு போனது.

ராஜவேல் பழக்கத்தில் ஹாரனைத் தொட்டான். தொட்ட கையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தான். பிரேக் போட்டான்.

"நீ இங்க இருக்கற. அப்ப அது யாரு?"

பஸ் தாண்டிப் போனது. கொளஞ்சியம்மாளும், அவளுக்கு முன்னும் பின்னும் நடந்த அத்தனை பெண்களும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். எல்லார் மேலும் வெள்ளைச் சட்டை இருந்தது. கூடையை மாற்றிக்கொண்டதை அம்சவல்லி சொன்னாள்.

"அதப் பாத்துட்டுதான்டி தெனம் நிம்மதியா போனேன்," என்றான். "நீ எங்க இருந்த?"

"அதுக்குப் பக்கத்துலதான்."

அன்று சாயங்காலம் ராஜவேல் ஸ்டிக்கரை ரோலாகவே வாங்கி வந்தான். வீடு வீடாக நொண்டிக்கொண்டு போய்க் கூடைகளில் ஒட்டியது அம்சவல்லி.