இடப்பக்கத்து நாற்காலி

செவ்வாய்க்கிழமை மதியம் மிளகா அந்தப் போனைப் போட்டாள். பேசி முடித்துவிட்டு, யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று ஒத்திகைக் கூடத்து மாடிப்படியை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். சொந்த அண்ணனுக்குக் குழி பறிக்கிற காரியத்தைச் சத்தம் போட்டா செய்வார்கள்?

மிளகா என்பது அவளுடைய ஆறாவது வயதில் அண்ணன் வைத்த பெயர். இப்போது அவளுக்கு ஐம்பத்து நாலு. இருபது நாடகம் மேடையேற்றிய இயக்குநர். கூடத்தில் எல்லோரும் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மிளகா என்பார்கள். காரம் அப்படி. பதிலுக்கு அவள் அண்ணனுக்கு வைத்த பெயர் குரங்கு. அது ஏனோ வெளியில் பரவவில்லை, அண்ணனுடைய நல்ல நேரம்.

நாடகம் இதுதான். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய புருஷன் பெண்டாட்டி, வீட்டைக் காலி பண்ணிவிட்டு, சாமான் ஏற்றுகிற லாரி வரும்வரை இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒன்றேகால் மணி நேரம், இரண்டே பேர். புருஷன் வேஷம் அண்ணனுக்கு. பெண்டாட்டி வேஷம் ஒரு பல் டாக்டருக்கு. நிஜமான பல் டாக்டர்தான், காலையில் பல்லைப் பிடுங்கிவிட்டு மதியம் நடிக்க வருவார். பயந்து கிடக்கிறவர்களிடம் பேசிப் பேசி அவர் குரலே பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் குரலுக்காகத்தான் மிளகா அவரைத் தேடிப் பிடித்தாள்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்துப் பார்த்த முதல் இரண்டு வாரம் அண்ணன் ஜமாய்த்தான். நாற்பது பக்கமும் தண்ணீர் பட்ட பாடு. பிறகு யார் எங்கே உட்காருவது, எப்போது எழுவது என்று முடிவு செய்ய ஆரம்பித்தார்கள். அப்போது மிளகாவுக்கு ஒரு யோசனை உதித்தது. இது சண்டை போட்டுக்கொண்ட ஜோடி, அதனால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே கூடாது. நேரே சபையைப் பார்த்தபடிதான் பேச வேண்டும், கடைசி நிமிஷத்தில்தான் திரும்ப வேண்டும். பிரமாதம் என்றார் பல் டாக்டர். மிளகாவும் பிரமாதம் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். அண்ணனுக்கு வசனம் தப்ப ஆரம்பித்தது.

பல் டாக்டர் தன் வசனத்தைச் சொல்லி முடிப்பார். அண்ணன் பிள்ளையைப் பறிகொடுத்தவன் மாதிரி முன்னால் வெறித்துக்கொண்டிருப்பான். இல்லாவிட்டால் தாண்டிக் குதிப்பான். "சாவி யார்கிட்ட இருக்கு?" என்று அவர் கேட்டால், "அந்த மரத்த நட்டவனே நான்தான்" என்பான். அது நாலு பக்கம் தள்ளி வர வேண்டிய பதில். ஒத்திகைக்கு வெளியேயும் லட்சணம் இதேதான். சாப்பிட்டாயா என்று மிளகா கேட்டதற்கு, சனிக்கிழமை வந்துவிடும் என்றான். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் இருந்தது. அவர்களுடைய அப்பா பஸ் ஓட்டியவர். இருபது வருஷமாக ஓட்டிய வழியில் ஒரு நாள் பாதியில் வண்டியை நிறுத்திவிட்டு, அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கண்டக்டரைக் கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணனுக்கு இப்போது என்ன வயதோ, அதே வயது. நாலு வருஷம் கழித்து ஒரு நாள் மிளகா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். நாயே பேயே என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த 'நீங்க'தான் அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் தாங்கவில்லை.

அதனால்தான் அந்தப் போன். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு நடிகரிடம், யாரிடமும் மூச்சு விடாமல் வசனத்தைப் படித்து வையுங்கள் என்று சொல்லியிருந்தாள். எதைச் சொன்னாலும் முழங்குகிற மனிதர், கர்ஜனை என்றுதான் அவருக்குப் பெயர். உப்பு கொஞ்சம் குடுங்க என்று அவர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் உப்போடு வருவார். அவரைப் போட்டால் நாடகம் என்ன கதியாகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரை விலக வேண்டும். சபை நடுவில் அண்ணன் வாய் திறக்காமல் திருதிருவென்று முழிப்பதை அவளால் பார்க்க முடியாது.

வியாழக்கிழமை டீ நேரத்தில் அண்ணன் அவளை மாடிப்படிக்குக் கூப்பிட்டான். நாடகத்துக்கான சாம்பல் நிறக் கோட்டைப் போட்டிருந்தான், ஒத்திகையிலேயே அதைப் போட்டுப் பழகுவது அவன் வழக்கம்.

"மிளகா, வேற ஆளப் போட்டுக்கோ."

"என்ன உளர்ற நீ?"

"எனக்கு அப்பா வியாதி வந்துடுச்சு. அந்தம்மா பேசறாங்கன்னு தெரியுது. என்ன பேசினாங்கன்னு யோசிச்சா ஒண்ணுமே நிக்கல, அப்பவே மறந்துபோகுது. உன் நாடகத்த நான் குட்டிச்சுவராக்க மாட்டேன்."

ஆளைப் பார்த்தாகிவிட்டது அண்ணா என்று எந்த வாயால் சொல்வாள்? இன்றைக்கு ஒரு தடவை முழுசாக ஓட்டிப் பார்ப்போம், மற்றதை அப்புறம் பேசலாம் என்று அதட்டிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். அழுகை வரும்போது அதட்டுவது அவள் சுபாவம்.

ஓட்ட ஆரம்பித்த முதல் நிமிஷமே பல் டாக்டருடைய நாற்காலிக்குக் கால் உடைந்தது. நல்லவேளை, அவருக்கு அடி இல்லை. அந்தக் கூடத்தில் உருப்படியாக இருந்தவை அந்த இரண்டு நாற்காலிதான். மற்றபடி அண்ணனுக்கு வலப்பக்கம் ஒரு பழைய பெடஸ்டல் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும், அதன் பின்னால் சாமான் போட்டு வைக்கிற இரும்புப் பெட்டி ஒன்று கிடக்கும். எரிச்சலில் மிளகா ஃபேனை அணைத்து மூலைக்குத் தள்ளினாள். இன்றைக்கு ஒரு நாள் இதில் உட்காருங்கள் என்று பல் டாக்டரைப் பெட்டியில் உட்கார வைத்தாள். அவர் அண்ணனுக்கு இடப்பக்கமிருந்து வலப்பக்கத்துக்கு வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் ஒரு வசனம் தப்பவில்லை.

ஒன்றுகூட இல்லை. நாற்பது பக்கமும் கண்ணாடி மாதிரி ஓடியது. முடிந்ததும் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ராத்திரி கண் முழித்துப் படித்தாயா என்று மிளகா கேட்டாள். இல்லவே இல்லை என்றான் அண்ணன், அவனுக்கே தான் செய்ததை நம்ப முடியவில்லை. அவள் கீழ்வீட்டில் ஒரு நாற்காலி இரவல் வாங்கி வந்து பழைய இடத்தில் போட்டாள். வியர்க்கிறது என்று ஃபேனும் பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்கள். இரண்டாம் பக்கத்திலேயே சாவி கேட்டதற்கு மரம் வந்துவிட்டது.

மிளகா தன் நோட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு பக்கத்து வசனத்துக்கும் எதிரே மேடையைக் கட்டமாகப் போட்டு, யார் எங்கே என்று குறித்து வைப்பது அவள் பழக்கம். அண்ணன் தப்பிய இடத்தில் எல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள், மறுநாள் தேய்த்துப் பழக்கலாம் என்று. மூன்று வாரமாக வட்டத்தை எண்ணி எண்ணி அழுதாளே தவிர, கட்டத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பக்கமெல்லாம் அம்மை போட்ட மாதிரி வட்டம். அவன் எழுந்து ஜன்னலோரம் போய் நிற்பது பதினோராம் பக்கம். அங்கே பல் டாக்டர் அவனுக்கு வலப்பக்கமாகிவிடுகிறார். அந்தப் பக்கத்தில் பேருக்குக்கூட ஒரு வட்டம் கிடையாது.

அவள் பூனை மாதிரி நடந்து போய் அண்ணனுடைய இடப்பக்கம் குனிந்தாள். "குரங்கே" என்றாள் ரகசியக் குரலில். அண்ணன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தரம் சொன்னாள். அசையவில்லை. பல் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். மிளகா ஃபேனை அணைத்துவிட்டு வலப்பக்கம் வந்து, அதே குரலில் அதையே சொன்னாள்.

"வயசுக்காவது மரியாதை குடு" என்றான் அண்ணன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எது எது என்று தெரியவில்லை. "செவிடுடா நீ! அண்ணா, நீ எதையும் மறக்கல, உனக்குக் காதுதான் செவிடு!" கூடப் பிறந்தவன் செவிடு என்று தெரிந்து இப்படி ஒருத்தி சந்தோஷப்பட்டதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அவனும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். கேட்கவே கேட்காத வார்த்தையை மறந்துவிட்டோம் என்று நினைத்து இந்த மனிதன் மூன்று வாரம் செத்துப் பிழைத்திருக்கிறான். மேஜையில் முகத்தையும் உதட்டையும் பார்த்துப் பதில் சொன்னவனை, முகம் பார்க்காதே என்று கட்டிப் போட்டவள் யார்? பிரமாதமான யோசனைக்காரி.

பல் டாக்டர் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். காது என் எல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, சுவரே எழுப்பி வைத்திருக்கிறீர்கள் என்றார்.

மறுநாள் காலையில் அண்ணனும் தங்கையும் காது டாக்டருடைய வாசலில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். சும்மா இருப்பானேன் என்று மிளகா அவன் வலப்பக்கம் உட்கார்ந்து, பெண்டாட்டி வசனத்தை நோட்டைப் பார்த்துச் சொல்ல, அவன் பதில் சொல்லிக்கொண்டே வந்தான். எதிரே இருந்த ஓர் அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, இந்த வயசில் வீட்டைக் காலி பண்ணிப் பிரிந்துபோய் என்னத்தைக் காணப் போகிறீர்கள், விட்டுக்கொடுத்துப் போங்களேன் என்று மிளகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சரிம்மா, விட்டுக்கொடுக்கிறேன் என்றாள் மிளகா. வேறென்ன சொல்வது?

உள்ளே டாக்டர் அண்ணனின் இடது காதிலிருந்து பட்டாணி அளவுக்கு அழுக்குக் கட்டியை எடுத்தார். அதன் நடுவில் ஒரு துணுக்குப் பஞ்சு. போன நாடகத்தில் காதில் ஒட்டிய மேக்கப்பைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தபோது முனை உள்ளேயே தங்கிவிட்டதாம். இனிமேல் காதுக்குள் எதையும் விடக் கூடாது என்று கடுமையாகச் சொல்லிவிட்டு, கேட்கும் திறனைச் சோதித்தார். இரண்டு காதும் தேவலை, மறதிக்கான அறிகுறி தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். மிளகாவுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் அண்ணன் தெருவில் நின்று இப்படியும் அப்படியும் திரும்பி, சைக்கிள் மணியையும் யாரோ செருமுவதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

போனில் விஷயத்தைக் கேட்ட அண்ணி, முப்பது வருஷமாக நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழுந்ததில்லை, அதற்கும் இந்தப் பஞ்சுதான் காரணமா என்று டாக்டரைக் கேட்டாயா என்றாள். ஆனால் மிளகா போனை வைக்கும் முன்னால் அண்ணி மூக்கை உறிஞ்சியது அவளுக்குக் கேட்டது. பாவம், அவளும் மூன்று வாரமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

கர்ஜனையிடம் சொல்வதற்குத்தான் கூச்சமாக இருந்தது. தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தாள். மறுமுனையில் மனிதர் ஊருக்கே கேட்கிற மாதிரி, அப்பாடா என்றார். அஞ்சாம் பக்கத்துக்கு மேல் தலைக்குள் ஏறவே இல்லை மேடம், எப்படிச் சொல்வது என்று தூக்கமே போச்சு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணனுடைய கோட்டைத் தேய்க்க ஆளில்லாமல் மிளகாவே தேய்த்தாள். உள்பையில் ஏதோ மொடமொடத்தது. நாலாக மடித்த காகிதம், அண்ணனுடைய கோழிக் கிறுக்கல். மறந்த வசனமாக இருக்கும் என்று பிரித்தாள்.

முதலில் அவன் வீட்டு விலாசம். கீழே அண்ணியின் பெயர், பக்கத்தில்: என் மனைவி, முதுகுவலி, பாரம் தூக்க விடாதே. அதற்கும் கீழே நாலு வரி.

"மிளகா. என் தங்கச்சி. சத்தம் போடுவா, பயப்படாதே. பாசக்காரி. என்ன ஆனாலும் அவகிட்ட 'நீங்க யாரு'ன்னு மட்டும் கேட்டுடாதே. தாங்க மாட்டா."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் இன்னொரு தரம் முதலிலிருந்து படித்தாள். தான் காணாமல் போகப் போகிறோம் என்று நினைத்தவன், தனக்கே எழுதி வைத்துக்கொண்ட சீட்டு. இவள் ரகசியமாகக் கர்ஜனைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில் எழுதியிருக்கிறான். தங்கச்சி என்ற எழுத்தின் மேல் சொட்டு விழுந்து மை கலங்கியது. அவள் சீட்டை மடித்துத் தன் நோட்டுக்குள், அந்தப் பதினோராம் பக்கத்தில் வைத்தாள். கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவன் உள்பையைத் தொட்டுப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் ஆறரைக்கு அரங்கம் நிறைந்திருந்தது. வேண்டுமானால் நான் வலப்பக்கமே உட்கார்ந்துவிடட்டுமா என்று பல் டாக்டர் பயந்து கேட்டார். வேண்டாம், இடப்பக்கமே இருக்கட்டும் என்றாள் மிளகா. திரைக்கு உள்ளே விளக்கை அணைத்தார்கள். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இடப்பக்கம், பத்தடி தள்ளி, மேடையோரத் தட்டி மறைவில் அவள் நின்றாள். சபையின் சலசலப்பு திரையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"குரங்கே" என்றாள், அதே ரகசியக் குரலில்.

அண்ணன் தலையைத் திருப்பவில்லை.

"கேக்குது மிளகா" என்றான். "போய் உன் வேலையப் பாரு."

திரை விலகியது.