அலையில்லாத பட்டை

மேலதிகாரி ஷூவைக்கூடக் கழற்றாமல் மணலில் நின்று பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். ‘குளிக்க ஏற்ற இடம்’ என்று அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்த அறிக்கையில், கடற்கரையை அளந்தவளின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அடுத்த மாதம் அவளுடைய வேலையை நீட்டிப்பதும் நிறுத்துவதும் அவர் கையில்தான். அதையும் நாசூக்காக இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

மூன்று நாளாக அவள் இந்தக் கரையோடு மல்லுக்கட்டியவள். இறங்கினால் நாலே எட்டில் ஆள் ஆழம். வடக்கே தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும் பாறைகள். இரண்டு பக்கமும் மணல்திட்டு; அதில் மோதி அலை வெள்ளையாய்ச் சீறும். நடுவில் மட்டும் இருபதடி அகலத்துக்கு அலையே இல்லாமல், பரமசாதுவாக ஒரு பட்டை. கரையேறிய தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பி ஓடுகிற வழி அது. ஆபத்தென்றால் ஓடிவர ஆளில்லை. போனில் சிக்னல் மருந்துக்கும் கிடையாது.

“நடுவுல பாருங்கம்மா, தொட்டித் தண்ணி மாதிரி இருக்கு. குழந்தைங்க விளையாடலாம்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து அந்தப் பட்டையில் வீசினாள். நீரோட்டம் பார்க்க அவள் எப்போதும் செய்வதுதான். பழம் மிதக்கும், நிறம் தூரத்திலும் தெரியும். ஒரே நிமிஷத்தில் அது அலை உடையும் இடத்தையும் தாண்டிப் புள்ளியாகிவிட்டது.

“பழத்துக்கு நீச்சல் தெரியுமா? மனுஷன் நீந்தி வந்துடுவான்.”

“அந்த இழுப்பை எதிர்த்து நீந்தறவன்தான் சார் முதல்ல சாவான்.”

மேட்டில் ஒரு வேன் வந்து நின்றது. இடுப்பில் ரப்பர் வளையத்தோடு ஒரு சிறுமி குதித்து ஓடிவந்தாள். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த அப்பா, அடையாள அட்டை தொங்கிய மேலதிகாரியிடம் கேட்டார்.

“சார், நடுவுல அலையே இல்லையே. பாப்பா இறங்கலாமா?”

மேலதிகாரி கடலைப் பார்த்தார். அறிக்கையைப் பார்த்தார்.

“சொல்லுங்க சார்,” என்றாள் அளந்தவள். “எழுதினதைத்தானே கேக்கறாங்க? உங்க வாயால சொல்லுங்க.”

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சிறுமிக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? தண்ணீரைப் பார்த்து ஒரே ஓட்டம். அளந்தவள் பாய்ந்துபோய், வளையத்தோடு சேர்த்து அவளை வாரித் தூக்கிக்கொண்டாள். வேலை போனால் போகட்டும். சிறுமி உதைத்துக்கொண்டு கத்தினாள், அப்பா “ஏய், யாரும்மா நீ?” என்று அதட்டினார். முழங்கால் வரை நனைந்து, கடலுக்கு முதுகைக் காட்டி அவள் நின்றாள். காலடி மணலைத் தண்ணீர் உருவிக்கொண்டே இருந்தது. அவள் குதிகாலை இன்னும் ஆழமாக ஊன்றினாள்.