பெயர் சேராத பெட்டி

"ஏற்கெனவே தெரிஞ்சத எதுக்கும்மா மறுபடியும் படிக்கணும்?" என்று ஆறு வயதில் கேட்டாள் லோர்னாவின் மகள். அன்று லோர்னா சிரித்தாள். அமெரிக்காவில், மினசோட்டாவின் ஒரு சிறு கல்லூரியில், பதிவாளர் அலுவலக ஜன்னலில் உட்கார்ந்த பிறகு அதே கேள்வி மாணவர்களிடமிருந்து ஆண்டு முழுவதும் வருகிறது.

கணவர் ஆர்விட் நவம்பரில் இறந்ததிலிருந்து அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சர்ச்சில் எல்லோரோடும் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

மே மாதத்து வியாழக்கிழமை, பச்சைக் கம்பளிக் குல்லாவோடு ஒருவன் ஜன்னலுக்கு வந்தான். குல்லாவை அவளுக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க அவள் வீட்டு வாசல் பனியை யாரோ விடியுமுன்னே வாரிப்போட்டுப் போனார்கள். ஒருநாள் திரைச்சீலை வழியாக அந்தக் குல்லா தெரு திரும்புவதைப் பார்த்தாள். வெளியே வந்து நன்றி சொல்லத் தெம்பில்லை.

"டோபின் லஸ்க், மேடம். சனிக்கிழமை பட்டமளிப்பு, பட்டத்துக்கு வேண்டிய பாடக் கிரெடிட்ல மூணு குறையுதாம். ஸ்கூல்லயே, காலேஜ் கிரெடிட் கிடைக்கிற ஏ.பி. கணக்குத் தேர்வு எழுதி அஞ்சுக்கு நாலு வாங்கியிருக்கேன். ஸ்கூல் மார்க்‌ஷீட்லயே இருக்கு, பாருங்க."

"அது செல்லாதுப்பா. தேர்வு வாரியமே எங்களுக்கு நேரா அனுப்பணும்."

"அப்பவே அனுப்பச் சொன்னேனே! இனிமே கேட்டா ஒரு வாரமாகும். பட்டம் இல்லேன்னா கிடைச்ச வாத்தியார் வேலை போயிடும்."

"தேர்வு எழுதினப்ப இதே பேரா?"

"இல்ல. ஸ்ட்ராண்ட். வளர்ப்பு அப்பா பேரு. அவர் விட்டுட்டுப் போனதும் அம்மா பேருக்கு மாத்திக்கிட்டேன்."

"நாளைக்குள்ள சொல்றேன், போ."

வாரியம் அனுப்பியதில் எந்த மாணவரோடும் பெயர் சேராத மதிப்பெண் தாள்கள் பின்னறைப் பெட்டிகளில் கிடந்தன. மதியம் அவள் அங்கே போவதைப் பார்த்து, பக்கத்து மேசை கஸ் சிரித்தான்.

"அந்தக் குப்பையிலயா? எங்க தாத்தா மார்க்கே அதுல கிடக்கும். சாப்பிட வா, லோர்னா!"

"நீ போ, கஸ்."

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். மூன்றாவது பெட்டியில் இருந்தது: டோபின் ஸ்ட்ராண்ட், கணக்கு, நான்கு. பிறந்த தேதியைச் சரிபார்த்தாள். பொருந்தியது.

அலுவலகத்தில் யாருமில்லை. கிரெடிட்டைப் பதிவேற்றினாள். மகிழ்ச்சி என்று எதுவும் வரவில்லை. விரல்கள் சில்லிட்டிருப்பது மட்டும் வெகுநாளைக்குப் பிறகு தெரிந்தது.

அவனுக்கு மின்னஞ்சலில் ஒரு வரி எழுதினாள்: "மூன்று கிரெடிட் சேர்க்கப்பட்டது." கீழே தன் பெயரைத் தட்டச்சு செய்தாள். விடியுமுன் தெரு திரும்பிய பச்சைக் குல்லா நினைவுக்கு வந்தது. அதை அழித்துவிட்டு, 'பதிவாளர் அலுவலகம்' என்று போட்டு அனுப்பினாள்.