வழி எழுதாத விடை

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் எங்கள் அப்பா தொடங்கிய உதவிபெறும் பள்ளிக்கு நான் தாளாளர். முப்பத்தோர் ஆண்டுகள் அங்கே கணக்குப் பாடம் நடத்திய என் தம்பி பால்வண்ணநாதன் இந்த ஆண்டு ஓய்வு பெற்றான். அந்த இடம் தன் மகன் பாண்டிராஜுக்குத்தான் என்று குற்றாலத்தில் ஒரு கல்யாண வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். அந்தக் கணக்கு வாத்தியார் வேலை எங்கள் குடும்பத்தை விட்டு வெளியாளுக்குப் போனதில்லை. நானும் மறுப்பதாக இல்லை.

நேர்காணலுக்கு முந்தின நாள் தோட்டத்துச் சின்ன வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு பாவூர்சத்திரம் சந்தைக்குப் போனேன். எடை போடும் இடத்தில் எங்கள் பள்ளியில் படித்த இசக்கிச்செல்வி நின்றாள்.

"பதினேழு மூட்டை, மூட்டைக்கு நாப்பத்தஞ்சு. சாக்குக்கு ஒரு கிலோ தள்ளுனா எழுநூத்தி நாப்பத்தெட்டு" என்றாள். என் டிரைவர் அப்போதுதான் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்துகொண்டிருந்தான்.

"ஏட்டி, இவ்வளவு வேகமா கணக்குப் போடுத. ஏன் ஒன்பதாம் வகுப்போட நின்ன?"

"எனக்கு எங்க கணக்கு வரும், ஐயா? வழி எழுதாம விடைய மட்டும் எழுதுவேன். பாத்து எழுதுனியான்னு கணக்கு சார் பெஞ்சு மேல ஏத்திருவாவ. உன் மண்டையில ஒண்ணுமில்லன்னுட்டாவ. சார் சொன்னா சரியாத்தான இருக்கும்?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தம்பியை அந்த வேலைக்கு எடுத்துக் கையெழுத்திட்டவன் நான்.

மறுநாள் பாண்டிராஜையும், அதே வேலைக்கு விண்ணப்பித்துக் கடையநல்லூரிலிருந்து வந்திருந்த நூருன்னிசாவையும் ஒரே வகுப்பில் பாடம் நடத்தச் சொன்னேன். ஒரு பிள்ளை விடையை மட்டும் எழுதி நீட்டினாள்.

"வழி எங்க? யாரப் பாத்து எழுதுன?" என்றான் பாண்டிராஜ்.

நூருன்னிசா தன் முறை வந்ததும் அதே நோட்டை வாங்கிப் பார்த்தாள். "விடை சரிம்மா. மனசுல எப்படிப் போட்ட? நீ சொல்லு, நான் எழுதுதேன்" என்று கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். பிள்ளை சொல்லச் சொல்ல எழுதினாள்.

நான் முடிவைச் சொன்னதும் தம்பி என் அறைக்குள் வந்தான்.

"அண்ணே, குடும்ப மானத்தச் சந்தி சிரிக்க வைக்கியளா?"

"ஏலே, நீ மக்குன்னு அனுப்புன பிள்ள சந்தையில நிக்கா. இன்னமும் நீ சொன்னத நம்புதா. நம்ம மானம் அங்கனதான் போச்சு."

"இனி என் வீட்டு வாசல மிதிக்காதிய."

"சரி" என்றேன்.

அவன் போகும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு நியமன ஆணையில் நூருன்னிசாவின் பெயரை என் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டேன். வெளியே காத்திருந்தவளைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒன்பதாம் வகுப்பில் இருக்க வேண்டும் என்றேன்.